காட்டோர வீட்டுப் புழக்கடையும் பாம்பும்

(உறுப்பினர் கல்விப் பாடம்)

நெசவாளராயினும் உழவராயினும், நம் உறுப்பினர்களுள் பலர் ஊரின் நடுவே வாழ்பவர் அல்லர். மலையடிவாரத்திலும், காப்புக்காட்டின் ஓரத்திலும், ஓடைக்கரையிலும் தோட்டம் வைத்து, அத்தோட்டத்திலேயே வீடும் கட்டிக்கொண்டு வாழ்பவர்கள் மிகுதி. அத்தகைய வீட்டின் புழக்கடையில் விறகும் வைக்கோலும் கோழியும் குப்பையும் இருக்கும். அவற்றை நாடி எலியும் தவளையும் வரும். எலியையும் தவளையையும் நாடிப் பாம்பு வரும்.

இதனைச் சிறு செய்தி என்று கருதுதல் கூடாது. 2000-ஆம் ஆண்டு முதல் 2019-ஆம் ஆண்டு வரையிலான இருபது ஆண்டுகளில் நம் நாட்டில் பாம்புக்கடியால் இறந்தோர் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்று 2020-இல் வெளிவந்த ஆய்வொன்று கணக்கிட்டுள்ளது. ஆண்டொன்றுக்குச் சராசரி 58,000 உயிர்கள். இவர்களுள் மிகப் பெரும்பாலோர் சிற்றூர்களில் வாழ்ந்தவர்கள். ஏறத்தாழப் பாதிப்பேர் 30 வயதுக்கும் 69 வயதுக்கும் இடைப்பட்டவர்கள்; அஃதாவது, குடும்பத்தைத் தாங்கும் வயதினர். கால் பங்குக்கு மேற்பட்டோர் 15 வயது நிரம்பாத சிறுவர் சிறுமியர். தறியில் உட்கார வேண்டியவரோ, வரப்பில் நிற்க வேண்டியவரோ ஒரே இரவில் மறைந்துவிட்டால், அக்குடும்பம் பட்ட கடனும் பாவில் நின்ற நூலும் வயலில் நின்ற பயிரும் என்ன ஆகும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இவ்வுயிர்களுள் பலவற்றை நாம் காத்திருக்கலாம். அதற்கு வேண்டியவை இரண்டே. ஒன்று, பாம்பு வந்து தங்குவதற்குரிய காரணங்களைப் புழக்கடையிலிருந்து நீக்குதல். மற்றொன்று, கடி நேர்ந்தால் ஒரு நாழிகையும் வீணாக்காமல் மருத்துவமனை சேர்தல். முன்னது நம் கையின் உழைப்பு. பின்னது நம் மனத்தின் தெளிவு. இவ்விரண்டையும் விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

1. பாம்பு ஏன் வருகிறது?

பாம்பு மனிதனைத் தேடி வருவதில்லை. மனிதன் அதற்கு உணவும் அல்லன், பகையும் அல்லன். அது தேடி வருவன உணவு, ஒதுங்கிடம், நீர் ஆகியவை. எலி, தவளை, ஓணான், பல்லி, குருவிக் குஞ்சு, கோழி முட்டை ஆகியன அதன் உணவு. விறகடுக்கு, கல் குவியல், ஓலைக் குவியல், எலிவளை, கறையான் புற்று ஆகியன அதன் ஒதுங்கிடங்கள். கசியும் குழாயும் நிரம்பி வழியும் தொட்டியும் தவளையை வரவழைத்து, அதன் வழியே பாம்பையும் வரவழைக்கின்றன.

பாம்பு தானே வளை தோண்டுவதில்லை என்பதை உறுப்பினர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். எலி தோண்டிய வளையிலும் கறையான் எடுத்த புற்றிலும் அது குடியேறுகிறது. ஆகவே, எலிவளை மிகுந்த புழக்கடை என்பது, பாம்புக்கு உணவும் வீடும் ஒருங்கே கட்டி வைத்த புழக்கடை ஆகும். பாம்பை விரட்டுவதற்கு என்ன செய்யலாம் என்று கேட்போர், முதலில் எலியை ஒழிப்பதற்கு என்ன செய்தோம் என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளுதல் நலம்.

மழைக்காலத்தில் வளைகளில் நீர் புகுவதால் பாம்புகள் மேடான இடத்தையும் உலர்ந்த இடத்தையும் நாடும். வீட்டுத் திண்ணையும் மாட்டுக் கொட்டகையும் அப்போது அவற்றுக்குப் புகலிடம் ஆகும். நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் பாம்புக்கடி மரணங்களுள் ஏறத்தாழப் பாதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழை மாதங்களில் நேர்ந்துள்ளன. நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழையும் உண்டாதலால், எச்சரிக்கை மார்கழி வரை நீள வேண்டும்.

2. அறிந்துகொள்ள வேண்டிய நான்கு

நம் ஊர்ப்புறத்தில் காணும் பாம்புகளுள் பெரும்பாலானவை நஞ்சற்றவை. சாரைப் பாம்பு, தண்ணீர்ப் பாம்பு, மண்ணுளிப் பாம்பு ஆகியன மனிதனுக்குத் தீங்கு செய்யும் நஞ்சு உடையன அல்ல. மரக்கிளையில் திரியும் கொம்பேறி மூக்கனைப் பற்றி, கடித்துவிட்டுச் சுடுகாட்டில் பிணம் எரிவதை மரத்தின்மேலிருந்து பார்க்கும் என்று கூறுவர், அதற்கும் நஞ்சில்லை. சாரை உழவனின் கூலி பெறாத காவலாள். வரப்பெலியையும் வீட்டெலியையும் அது தின்று ஒழிப்பதால் மிஞ்சும் நெல் நம்முடைய நெல்லே ஆகும்.

நம் நாட்டில் பாம்புக்கடி மரணங்களுக்குப் பெரும்பாலும் காரணமாகச் சொல்லப்படுவன நான்கு.

நல்ல பாம்பு: படமெடுப்பதால் எளிதில் அறியலாம். எலியும் தவளையும் முட்டையும் தேடி வீட்டருகே வரும். கடித்த இடம் வீங்கி வலிக்கும், பின்னர் இமைகள் தாமே தாழும், பேச்சுக் குழறும், மூச்சுத் திணறும்.

கட்டுவிரியன்: கறுத்த மினுக்கான உடலில் மெல்லிய வெண்கட்டுகள் உடையது. இரவில் நடமாடுவது. தரையில் படுத்துறங்குவோரைக் கடிப்பது பெரும்பாலும் இதுவே. இதன் கடியில் வலியும் வீக்கமும் மிகக் குறைவு. சில வேளை பற்பட்ட தடமும் தெரியாது. எறும்போ பூச்சியோ கடித்தது என்று எண்ணி மீண்டும் உறங்கிவிடுவோர் உண்டு. விடியற்காலையில் வயிற்று வலி, தொண்டை வலி, இமை தாழ்தல், கைகால் தளர்தல் என்று தொடங்கி மூச்சு நிற்கும் அளவுக்கு முற்றும். தரையில் உறங்கி எழுந்தவருக்குக் காரணமின்றி வயிற்று வலியும் இமைத் தளர்ச்சியும் கண்டால், பாம்பைக் கண்டவர் எவரும் இல்லையாயினும், உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும்.

கண்ணாடி விரியன்: தடித்த உடலும் முக்கோணத் தலையும் உடையது; முதுகில் சங்கிலிபோல் மூன்று வரிசை வட்டக் குறிகள் இருக்கும். வயல், வரப்பு, புல்மேடு ஆகியவற்றில் சருகோடு சருகாகக் கிடக்கும். தொந்தரவுற்றால் உலைத் துருத்தி போல் உரக்கச் சீறும். இதன் நஞ்சு குருதியைக் கெடுக்கும், கடித்த கால் பெரிதும் வீங்கும், பல்லீறில் குருதி கசியும், சிறுநீரகம் பழுதடையும்.

சுருட்டை விரியன்: நான்கினுள் சிறியது. வறண்ட கல்லாங்காட்டில் மிகுதி. உடலைச் சுருளாக மடித்துச் செதிலோடு செதிலை உரசி, அரம் தேய்ப்பது போன்ற ஒலி எழுப்பும். இதன் நஞ்சும் குருதியை உறையாமற் செய்வது.

கட்டுவிரியனையும், அதனைப் போலவே கட்டுகளுடைய நஞ்சற்ற வெள்ளிக்கோல் வரையனையும் மக்கள் மயங்கிக் கொள்வது உண்டு. வரையனுக்குக் கட்டுகள் தலைப்பக்கம் தெளிந்து வாற்பக்கம் மங்கும். விரியனுக்குத் தலைப்பக்கம் மங்கி வாற்பக்கம் தெளியும். ஆயினும், இருட்டில் ஓடும் பாம்பின் கட்டுகளை எண்ணிக்கொண்டிருப்பது அறிவுடைமையாகாது. அறியாத பாம்பை நஞ்சுடையதாகவே கொண்டு நடந்துகொள்வதே பாதுகாப்பு.

3. புழக்கடை ஒழுங்கு

இனி, செய்ய வேண்டிய பணிகளுக்கு வருவோம். இவற்றுள் பெரும்பாலானவை காசு கேட்பவை அல்ல. ஓய்வு நாளில் இரண்டு நாழிகை உழைப்பைக் கேட்பவை.

விறகைத் தரையில் அடுக்குதல் கூடாது. கல்லோ மரக்கட்டையோ இட்டு, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் பரண் அமைத்து அடுக்க வேண்டும். கீழே வெளிச்சம் நுழையும் இடத்தில் பாம்பு தங்க விரும்பாது. விறகடுக்கும் வறட்டிக் குவியலும் வைக்கோற் போரும் வீட்டுச் சுவரை ஒட்டி இருத்தல் ஆகாது. விறகையும் வறட்டியையும் எடுக்கும்போது வெறுங்கையை உள்ளே நுழைக்காமல், முதலில் கோலால் தட்டி அசைத்துப் பார்த்துவிட்டு எடுக்க வேண்டும். நிலக்கடலைக் கொடி, தென்னை மட்டை, உடைந்த ஓடு, மிஞ்சிய செங்கல் ஆகியவற்றை ஆண்டுக்கணக்கில் ஒரே மூலையில் குவித்து வைப்பது பாம்புக்கு மனை எழுதிக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

எருக்குழியின் வெதுவெதுப்பில் பாம்புகள் முட்டையிடுதல் உண்டு. ஆகையால் எருக்குழியை வீட்டிலிருந்து தள்ளி அமைத்து, எரு அள்ளும்போது கையால் அள்ளாமல் மண்வெட்டியும் முட்கவையும் கொண்டே அள்ளுதல் வேண்டும்.

வீட்டைச் சுற்றி ஐந்தாறு முழ அகலத்துக்குப் புல் பூண்டு இன்றிச் செதுக்கி வைத்தால், கடந்து செல்லும் பாம்பு கண்ணுக்குத் தெரியும். கூரையைத் தொடும் மரக்கிளைகளையும் சுவரில் படர்ந்த கொடிகளையும் வெட்டிவிட வேண்டும். சுவரின் அடியில் உள்ள எலிவளைகளைக் கல்லும் சிமெண்டும் இட்டு அடைக்க வேண்டும். குளியலறை நீர் வெளியேறும் துவாரத்துக்குக் கால் அங்குலத்திற்கு மேற்படாத கண்ணுடைய கம்பி வலை பொருத்த வேண்டும். கதவின் அடியில் உள்ள இடைவெளியை மரச்சட்டத்தாலோ பட்டை ரப்பராலோ மறைக்க வேண்டும். விரல் நுழையும் இடைவெளியில் குட்டிப் பாம்பு நுழையும். குட்டியின் நஞ்சும் நஞ்சே.

கோழிக் கூண்டைத் தரையினின்று உயர்த்தி, அடியிலும் பக்கத்திலும் சிறுகண் வலை அடித்து, முட்டையை அன்றன்றே எடுத்துவிட வேண்டும். கோழிக்கும் நாய்க்கும் இட்ட தீனி இரவில் சிதறிக் கிடந்தால் எலி வரும். நெல்லையும் தானியத்தையும் மூடியுள்ள குதிரிலோ தகரப் பீப்பாயிலோ வைப்பதால் தானியமும் மிஞ்சும், பாம்பும் குறையும்.

புழக்கடையில் சிறியாநங்கை நட்டால் பாம்பு வாராது என்றும், பூண்டும் பெருங்காயமும் கரைத்துத் தெளித்தால் ஓடிவிடும் என்றும் கூறுவர். செடியை நடுவதில் தீங்கில்லை. ஆனால் அதனை வேலியாக நம்பி விறகடுக்கை மறந்துவிடுவதில் தீங்கு உண்டு. எலி நிறைந்த இடத்திற்குப் பாம்பு வாராமல் தடுக்கும் மணம் எதுவும் நம்புதற்குரியதாக நிலைநாட்டப்படவில்லை.

புற்றை வழிபடும் வழக்கம் நம்மிடையே தொன்றுதொட்டு உள்ளது. அவ்வழிபாட்டைக் குறை கூறுவது நம் கருத்தன்று. பால் பாம்பின் இயற்கை உணவன்று என்பதையும், புற்றருகே விடப்படும் உணவு எலியை ஈர்க்கும் என்பதையும் மட்டும் மனத்திற் கொண்டால் போதும். வீட்டை ஒட்டிப் புதிதாக எழும் கறையான் புற்றைத் தொடக்கத்திலேயே கவனித்தல் நன்று.

4. தறிக்குழியில் எச்சரிக்கை

நெசவாள உறுப்பினர்கள் தனியே கருத வேண்டியது ஒன்றுண்டு. பவானி ஜமக்காளம் போன்றவை குழித்தறியில் நெய்யப்படுவன. குழித்தறியில் நெய்பவர் தரைமட்டத்தில் அமர்ந்து, இரு கால்களையும் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகளை மிதிக்கிறார். இருள், குளிர்ச்சி, அசைவின்மை ஆகிய மூன்றும் இரவு முழுவதும் அக்குழியில் இருக்கின்றன. பாவுக்கு இட்ட கஞ்சியின் பிசுக்கை நாடி எலியும் கரப்பும் அங்கே வருகின்றன. எலி வந்த வழியே மற்றது வருவதற்குத் தடையேதும் இல்லை. விடியற்காலையில் விளக்கும் இல்லாமல் வெறுங்காலை அக்குழிக்குள் விடுவது எத்தகைய செயல் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே, இரவில் தறியைவிட்டு எழும்போது குழியைப் பலகையிட்டு இடைவெளியின்றி மூட வேண்டும். காலையில் பலகையை நீக்கியதும் கைவிளக்கின் ஒளியைக் குழியின் நான்கு மூலைகளிலும் பாய்ச்சி, மிதிகளைக் கோலால் தட்டிப் பார்த்த பின்னரே காலை விட வேண்டும். மண் குழியாயின் உட்சுவரைச் செங்கல்லோ சிமெண்டோ கொண்டு பூசி, வளை விழாமற் செய்ய வேண்டும். சிந்திய கஞ்சியை அன்றே துடைக்க வேண்டும். நூற்சிப்பங்களையும் கழிவு நூலையும் தரையில் குவிக்காமல் பலகைமேல் வைக்க வேண்டும். இவை யாவும் சேர்ந்து நாளொன்றுக்குச் சில நிமிட வேலைதான்.

5. நடையும் படுக்கையும்

பாம்புக்கு வெளிக்காது இல்லை. தரையின் அதிர்வைத் தன் உடலாலும் தாடை எலும்பாலும் நன்கு உணரும். ஆதலால் இரவில் நடக்கும்போது கைவிளக்குடன், கோலைத் தரையில் தட்டிக்கொண்டு, காலை அழுத்தி வைத்து நடப்பவருக்கு அது பெரும்பாலும் வழிவிட்டு விலகும். கண்ணாடி விரியன் மட்டும் விலகாமல் கிடந்த இடத்திலேயே கிடக்கும் இயல்புடையது. அதற்கு விளக்கே துணை. வயலுக்குச் செல்வோர் கணுக்காலை மூடும் காலணி அணிதல் நலம். இரவில் நீர் பாய்ச்சச் செல்வோர் முழங்கால் அளவு ரப்பர்க் காலணி அணிவது சாலவும் நன்று. அறுவடைக் காலத்தில் கதிரைப் பற்றும் முன் கோலால் தாளை விலக்குவதற்கு ஒரு நொடிதான் ஆகும்.

தரையில் பாய் விரித்துப் படுப்பதைத் தவிர்த்துக் கட்டிலில் படுக்க வேண்டும். கட்டிலிலோ தரையிலோ படுப்பவர் கொசுவலை கட்டி, அதன் விளிம்பைப் படுக்கையின் அடியில் நன்றாகச் செருகிவிட வேண்டும். கொசுவுக்கென்று கட்டிய வலை கட்டுவிரியனையும் தடுக்கும். நெல் மூட்டையும் தானியக் குதிரும் உள்ள அறையில் படுத்தல் கூடாது. காலணியை அணியும் முன் தட்டி உதற வேண்டும்.

6. பாம்பைக் கண்டால்

புழக்கடையில் பாம்பைக் கண்டவுடன் தடியெடுத்து ஓடுவது நம் பழக்கம். அடிக்கச் சென்றவர் கடிபடுதல் உண்டு. எனவே குழந்தைகளையும் நாயையும் விலக்கி, ஐந்தாறு முழம் தள்ளி நின்று, அது செல்வதற்கு வழிவிட வேண்டும். பெரும்பாலான வேளைகளில் தானே சென்றுவிடும். வீட்டிற்குள் புகுந்துவிட்டால் அவ்வறைக் கதவைச் சாத்தி, அடி இடைவெளியைத் துணியால் அடைத்துவிட்டு, வனத்துறையினருக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ பயிற்சி பெற்ற பாம்பு பிடிப்போருக்கோ தெரிவிக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பாம்புகளுக்கும் பாதுகாப்பு அளிக்கிறது என்பதையும் உறுப்பினர்கள் அறிதல் வேண்டும்.

அடிபட்ட பாம்பு நினைவு வைத்திருந்து பழிவாங்கும் என்பதற்கும், ஒன்றை அடித்தால் அதன் இணை தேடி வரும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. மீண்டும் ஒரு பாம்பு அதே இடத்திற்கு வருமாயின், எலியும் விறகடுக்கும் இன்னும் அங்கேயே இருக்கின்றன என்பதே அதன் பொருள்.

7. கடி நேர்ந்துவிட்டால்

செய்ய வேண்டியவை: கடிபட்டவரை உட்கார வைத்தோ படுக்க வைத்தோ அமைதிப்படுத்த வேண்டும். மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு, அரைஞாண், இறுகிய ஆடை ஆகியவற்றை வீக்கம் காணும் முன்பே கழற்ற வேண்டும். கடிபட்ட கையையோ காலையோ, எலும்பு முறிந்தால் செய்வதைப் போல, தப்பை வைத்துத் துணியால் தளரக் கட்டி அசையாமல் வைக்க வேண்டும். அவரை நடக்கவோ ஓடவோ விடுதல் ஆகாது. 108 எண்ணுக்குத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். வண்டி வரத் தாமதமாகுமெனில் கிடைத்த வண்டியில் ஏற்றிச் செல்ல வேண்டும். வாந்தி எடுப்பவரை இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

செய்யத் தகாதவை: கயிறோ துணியோ கொண்டு இறுகக் கட்டுதல் கூடாது, அதனால் குருதியோட்டம் நின்று உறுப்பே அழுகுவதுண்டு. கத்தியால் கீறுதல் கூடாது. வாயால் உறிஞ்சுதல் கூடாது. பனிக்கட்டி வைத்தல், சூடு போடுதல், சாராயம் கொடுத்தல் ஆகியவை கூடா. பாம்பைப் பிடித்தோ அடித்தோ மருத்துவரிடம் கொண்டு செல்ல முயலுதலும் கூடாது. கடிபட்டவரின் உடற்குறிகளைக் கொண்டே மருத்துவர் முடிவு செய்வார். குருதியைச் சிறிதளவு தூய கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசையாமல் வைத்து, உறைகிறதா என்று பார்க்கும் எளிய சோதனை அவருக்கு விரியன் நஞ்சைக் காட்டிவிடும்.

பாம்பு நஞ்சை முறிக்கும் மருந்து ஒன்றே. அதுவே நஞ்சுமுறி ஊசி மருந்து. அரசு மருத்துவமனைகளில் அது கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. நம் நாட்டில் செய்யப்படும் அம்மருந்து மேற்கூறிய நான்கு பாம்புகளின் நஞ்சையும் ஒருங்கே முறிப்பது. ஆகவே எந்தப் பாம்பு என்று தெரியாவிட்டாலும் பயன்படும். நஞ்சேறிய குறிகள் கண்டால் முதலில் 8 முதல் 10 குப்பிகள் வரை செலுத்துவர். மூச்சுத் தளர்ந்தவருக்குச் செயற்கை மூச்சுக் கருவி தேவைப்படும். கட்டுவிரியன் கடியால் இமையும் அசையாது பிணம்போற் கிடந்தவரும் இக்கருவியின் துணையால் பிழைத்தெழுதல் உண்டு. எனவே, உயிர் போயிற்று என்று நாமாகவே முடிவு கட்டுதல் கூடாது. மலைக்காட்டில் உள்ள குழிவிரியன் வகைகளின் நஞ்சுக்கு இம்மருந்து ஏற்றதன்று. ஆயினும் சிறுநீரகத்தையும் குருதியையும் கவனித்துக் காக்கும் மருத்துவம் அங்கும் உண்டு. எவ்வகைக் கடியாயினும் செல்ல வேண்டிய இடம் மருத்துவமனையே.

8. மந்திரத்தால் பிழைத்தவர் கதை

“எங்கள் ஊரில் பாம்பு கடித்துப் பச்சிலையால் பிழைத்தவர் பலர் இருக்கிறார்களே” என்று சிலர் கேட்பர். பிழைத்தது உண்மையே. ஆனால் காரணம் பச்சிலையன்று. கடித்தவற்றுள் பல நஞ்சற்ற பாம்புகள். நஞ்சுடைய பாம்பும் ஒவ்வொரு கடியிலும் நஞ்சைச் செலுத்துவதில்லை. சில வேளை பல் மட்டுமே பதியும். இவ்விரு வகையினரும் வெறும் தண்ணீர் குடித்திருந்தாலும் பிழைத்திருப்பர். பிழைத்தவர் மந்திரித்தவரின் புகழைப் பேசுவார். உண்மையில் நஞ்சேறியவர் அத்திண்ணையில் காத்திருந்து இழந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றிப் பேச அவர் இருப்பதில்லை. மந்திரிப்பவர் பெரும்பாலும் நல்லெண்ணம் உடையவரே. அவரைப் பகைக்க வேண்டுவதில்லை. “முதலில் மருத்துவமனைக்குப் போங்கள்” என்று சொல்லி அனுப்பும்படி அவரையே சங்கத்தின் சார்பில் கேட்டுக்கொள்ளலாம். அவர் சொன்னால் ஊர் கேட்கும்.

9. மருந்துக்குப் பின்னால் ஒரு கூட்டுறவுச் சங்கம்

இம்மருந்து செய்யும் முறையைச் சிறிது அறிவோம். பாம்பின் நஞ்சை மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் குதிரைக்குச் செலுத்துவர். அதன் குருதியில் நஞ்சை எதிர்க்கும் பொருள்கள் உண்டாகும். அக்குருதியிலிருந்து அப்பொருள்களைப் பிரித்துத் தூய்மை செய்து குப்பியில் அடைப்பர். ஆகவே நஞ்சுமுறி மருந்துக்கு மூலப்பொருள் பாம்பின் நஞ்சே.

அந்நஞ்சைத் தருபவர் யாவர்? கூட்டுறவாளராகிய நாம் பெருமையுடன் அறிய வேண்டிய செய்தி இது. செங்கற்பட்டுப் பகுதியில் வாழும் இருளர், தலைமுறை தலைமுறையாகப் பாம்பின் தடம் அறிந்தவர்கள். முன்னர் பாம்பைப் பிடித்துத் தோலுக்காக விற்றுப் பிழைத்தவர்கள். 1972-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் தோல் வணிகம் நின்றது. அவர்கள் பிழைப்பும் நின்றது. அந்நிலையில், பாம்பியல் அறிஞர் ராமுலஸ் விட்டேகரின் துணையோடு, 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் அஃது இயங்குகிறது. உறுப்பினர்கள் உரிமம் பெற்று இந்நான்கு வகைப் பாம்புகளைப் பிடித்து வருவர். அவற்றைச் சில வாரம் மட்பானைகளில் வைத்து, வாரம் ஒரு முறை நஞ்சு எடுத்து, பின்னர் வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டுப்புறத்தில் விட்டுவிடுவர். எடுத்த நஞ்சை உலர்த்தித் தூளாக்கி மருந்து செய்யும் நிறுவனங்களுக்கு விற்பர்.

பாம்பைக் கொன்று பிழைத்த கைகள், பாம்பையும் கொல்லாமல் மனிதனையும் காக்கும் கைகளாக மாறியது கூட்டுறவினால் ஆகும். அச்சங்கத்து உறுப்பினர்களாகிய வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவரும் 2017-இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு மலைப்பாம்பு பிடிக்கும் பணிக்கு அழைக்கப்பட்டனர். 2023-இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர். மருத்துவமனையில் நம் வீட்டுப் பிள்ளைக்கு ஊசி போடப்படும்போது, அக்குப்பியின் பின்னே இவர்களைப் போன்றோரின் உழைப்பு உள்ளது என்பதை நினைத்தல் தகும்.

10. நம் சங்கம் செய்யத்தக்கவை

உலக நலவாழ்வு நிறுவனம் 2017-இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களுள் முதன்மையானவற்றின் பட்டியலில் சேர்த்தது. 2030-க்குள் இம்மரணங்களைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்ற குறிக்கோளுடன் மத்திய அரசு 2024-இல் செயல்திட்டம் ஒன்றை வெளியிட்டது. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு, பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அறிவிக்க வேண்டிய ஒன்றாக ஆக்கியது. அரசு செய்வன இவை. ஆனால், புழக்கடையைத் துப்புரவு செய்ய அரசு வாராது.

ஒருவர் மட்டும் எலியை ஒழித்தால் அடுத்த தோட்டத்து எலி மறுவாரம் வந்துவிடும். பத்துத் தோட்டத்தார் ஒரே வாரத்தில் ஒழித்தாலன்றிப் பயனில்லை. இதுவே கூட்டுறவு வேலை. மழைக்கு முன் ஆண்டுக்கு இருமுறை எலி ஒழிப்பு வாரமும் புழக்கடைத் துப்புரவு வாரமும் சங்கம் நடத்தலாம். கைவிளக்கு, ரப்பர்க் காலணி, கொசுவலை ஆகியவற்றை மொத்தமாக வாங்கித் தவணைக்கு உறுப்பினர்களுக்கு வழங்கலாம். நள்ளிரவில் வண்டி தரும் உறுப்பினர் யார், நஞ்சுமுறி மருந்தும் மூச்சுக் கருவியும் உள்ள அண்மை மருத்துவமனை எது, அதற்கு எவ்வழி செல்வது என்பவற்றை எழுதிச் சங்க அலுவலகச் சுவரிலும் ஒவ்வொரு தறிக்கூடத்திலும் ஒட்டலாம். அந்நள்ளிரவில் ஆலோசனைக்கு நேரம் இராது. ஆலோசனையை இன்றே முடித்துவிட வேண்டும்.

படிப்பு வட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. உங்கள் புழக்கடையில் பாம்புக்கு உணவாகக் கூடியவை எவை? ஒதுங்கிடமாகக் கூடியவை எவை?
2. கட்டுவிரியன் கடியைக் குடும்பத்தார் ஏன் உடனே உணர்வதில்லை? எக்குறிகள் கண்டால் ஐயுற வேண்டும்?
3. கடிபட்ட காலை இறுகக் கட்டுதல் ஏன் தவறு?
4. நம் ஊரிலிருந்து நஞ்சுமுறி மருந்து உள்ள மருத்துவமனைக்கு இரவில் சென்று சேர எத்தனை நிமிடம் ஆகும்? அதனைக் குறைக்க வழி என்ன?
5. நம் சங்க எல்லையில் குழித்தறிகள் எத்தனை? அவற்றுள் மூடுபலகை உள்ளவை எத்தனை?
6. எலி ஒழிப்பைத் தனித்தனியே செய்வதற்கும் சேர்ந்து செய்வதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.

நான்காம், ஐந்தாம் வினாக்களுக்குரிய விடைகளை வாய்மொழியாகச் சொல்லிவிட்டு அமையாமல், எழுதிச் சங்கச் செயலாளரிடம் ஒப்படைக்குமாறு படிப்பு வட்டத் தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.